கூண்டு கட்டுகிறவர்கள்

ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்குப் பெயர் நிலைப்பதில்லை. ஊர்தான் நிலைக்கும். எங்கள் அறையில் ஆறு பேர். ராம்நாடு, திருவண்ணாமலை, ஒடிசா இரண்டு பேர் (அவர்களுக்கு மட்டும் மாநிலமே பெயர்), மன்னார்குடி என்கிற நான், அப்புறம் கரூர். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று பிரிந்து கிடப்பதால் ஆறு பேரும் ஒன்றாக அறையில் இருப்பது அபூர்வம். ஒருவன் எழுந்த பாயின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் அதில் படுத்துவிடுவான்.

கரூருக்கு இருபத்து மூன்று வயது. டிப்ளமோ மெக்கானிக்கல். ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. எட்டு மணி நேரமும் ஒரே பிரஸ் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். பி ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவு தாண்டி வருவான். குளிப்பான். மிச்சமிருப்பதைச் சாப்பிடுவான். பிறகு மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் பழைய லேப்டாப்பைத் திறந்து, பேருந்து கட்ட ஆரம்பிப்பான். பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில், ஒவ்வொரு ஜன்னலாக, ஒவ்வொரு கம்பியாக. ஒரு வண்டி முடிய மூன்று மாதம் ஆகும். முடிந்ததும் காசு வாங்காமல் இணையத்தில் ஏற்றிவிடுவான். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பேருந்து ஓடுவது ஓர் இந்தோனேசிய விளையாட்டுக்குள்.

அதன் பெயர் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. பையன்கள் வாயில் 'பஸ்ஸிட்'. மாலெயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட மொபைல் கேம். ப்ளே ஸ்டோரில் பத்துக் கோடி முறைக்கு மேல் இறங்கியிருக்கிறது. விளையாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. சுட வேண்டாம், யாரையும் கொல்ல வேண்டாம். பயணிகளை ஏற்றிக்கொண்டு இந்தோனேசிய ஊர்களுக்கு இடையே பேருந்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அதன் கவர்ச்சியே ஹாரன்தான். இந்தோனேசியாவில் தூரப் பேருந்துகளின் இசை ஹாரனைக் கேட்பதற்காகச் சிறுவர்கள் சாலையோரம் நின்று "ஓம் தெலோலெட் ஓம்" என்று கத்துவார்கள். 'மாமா, ஹாரன் அடிங்க மாமா' என்பது போல. 2016 டிசம்பரில் இந்த வாசகம் உலகம் முழுக்க ட்விட்டரில் சுற்றியது. அடுத்த சில மாதங்களில் கேம் வந்துவிட்டது.

சரி, ஜாவா தீவின் பேருந்தை ஒரகடத்தில் ஏன் ஓட்டுகிறார்கள்? ஓட்டவில்லை. இங்கே யாரும் இந்தோனேசியப் பேருந்தை ஓட்டுவதில்லை. அவர்கள் ஓட்டுவது கும்பகோணம் கோட்டத்து வண்டியை. விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் ஸ்லீப்பரை. சேலம் பக்கத்துத் தனியார் வண்டியை, அதே ஊதா விளக்கோடும், கண்ணாடியில் அதே சாமி படத்தோடும். இவற்றில் ஒன்றைக்கூட மாலெயோ செய்யவில்லை. விளையாடுகிறவர்கள் தாங்களே செய்துகொண்டவை. அந்த நிறுவனம் செய்தது ஒன்றுதான். நீங்கள் உருவாக்கிய வண்டியை உள்ளே கொண்டுவர ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அப்படி வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டுவதற்கு 'மாட்' என்று பெயர். வண்டியின் மேல் ஒட்டும் நிறமும் எழுத்தும் படமும் 'லிவரி'.

(அவன் அம்மா போனில் "என்ன சாமி பண்ணிட்டிருக்க?" என்று கேட்டால், "மாட் ரெடி பண்ணிட்டிருக்கேன்மா" என்பான். மகன் மெட்ராஸ் பக்கம் போய் மாடு கீடு வாங்கிவிட்டானா என்று அவர் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறார்.)

ஒரு கம்பெனி இப்படி ஏன் வாசலைத் திறந்து வைக்க வேண்டும்? நல்ல மனசா? நான் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனியும் கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கும். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிற ஊர் இது. ஒரு நிறுவனம் தன் பொருளுக்குள் கண்டவனையும் கைவைக்க விடுகிறது என்றால் அது அதிசயமாகத்தான் இருந்தது. பதிலைச் சொன்னது கரூர்தான். கேம் பற்றிப் பேசியபோது அல்ல, அவன் அப்பாவைப் பற்றிப் பேசியபோது.

அவன் அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கர். கரூர் என்றால் போர்வை, கொசுவலை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டின் சாலையில் ஓடும் பேருந்துகளில் எத்தனையோ அந்த ஊரில் உருவம் பெற்றவை என்பது வண்டி ஆர்வலர்களுக்கு மட்டும் தெரியும். நம் ஊரில் பேருந்து வாங்குவது கார் வாங்குவது போல அல்ல. சேசிஸ் தனி, கூண்டு தனி. அசோக் லேலண்டோ டாடாவோ எஞ்சின், கியர், அச்சு, சக்கரம், ஸ்டீயரிங் என்று எலும்புக்கூட்டை மட்டும் கொடுக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூரையும் கதவும் இல்லாத ஒரு சேசிஸை ஒருவர் வெயிலில் ஓட்டிப் போவதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். ஒரகடம், வல்லம் பக்கம் எங்களுக்கு அது தினசரிக் காட்சி. 2012-இல் இங்கே ஆலையைத் திறந்து பாரத்பென்ஸ் லாரி செய்ய ஆரம்பித்த டைம்லர், 2015-இல் அதே வளாகத்தில் பேருந்துக்கும் தனி ஆலை திறந்தது.

அந்தச் சேசிஸ் பட்டறைக்கு வந்த பிறகுதான் பேருந்து ஆகிறது. குறுக்குச் சட்டம், தூண், கூரை வளைவு, ஷீட், புட்டி, பெயின்ட், சீட், விளக்கு. "சேசிஸ் கம்பெனிக்கு என்னங்ண்ணா தெரியும்? மலை ரூட்டா, டவுன் ரூட்டா, காலேஜ் வண்டியா, பழனிக்குப் போற வண்டியா, அது அவனுக்குத் தெரியாது. முதலாளிக்குப் புடிச்ச பச்சை எதுன்னும் தெரியாது. எங்கப்பாவுக்குத் தெரியும்" என்றான் கரூர்.

எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். ஒரு சேசிஸ் கம்பெனி இந்தியாவின் எல்லா ரூட்டுக்கும், எல்லா முதலாளியின் ரசனைக்கும் தானே கூண்டு கட்ட முயன்றால் செலவில் மூழ்கிவிடும். கூண்டை ஊர்க்காரனிடம் விட்டால், ஒரே சேசிஸ் ஆயிரம் விதமான பேருந்தாக ஓடும். ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் இருப்பது அவனுடைய எஞ்சின். கூண்டு பிடித்துப்போய் அடுத்த வண்டி எடுக்கும் முதலாளி, கட்டுகிறவர் சொல்கிற சேசிஸைத்தான் வாங்குவார். மாலெயோவின் கணக்கும் இதுதான். இந்தோனேசியாவில் உட்கார்ந்துகொண்டு கும்பகோணம் கோட்டத்துப் பேருந்தின் படிக்கட்டு உயரத்தை அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தாலும் கட்டுப்படியாகாது. கரூருக்கு அது தெரியும். அவன் சம்பளம் வாங்காமல் அதைச் செய்வான். அவன் செய்த வண்டியை ஓட்ட விரும்புகிறவன் முதலில் பஸ்ஸிட்டை இறக்க வேண்டும், அதன் விளம்பரங்களைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தோனேசியாவிலும் சேசிஸ் தனி, கூண்டு தனிதான். கூண்டு கட்டுகிறவர்களுக்கு அங்கே 'கரோசெரி' என்று பெயர், டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். ஆதிபுத்ரோ, லக்ஸனா என்று கரோசெரி நிறுவனங்களின் பெயரை அங்கே பேருந்துப் பிரியர்கள் சினிமா நடிகர் பெயர்போலச் சொல்வார்களாம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த விளையாட்டு இது. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ செய்திருந்தால் கூண்டைக் கழற்றி மாட்டலாம் என்று தோன்றியிருக்குமா என்று கேட்டுக்கொள்வேன். தோன்றியிருக்கலாம். ஏனென்றால் கணினி விளையாட்டில் அந்த யோசனை அமெரிக்காவில்தான் முதலில் பெரிய அளவில் எடுபட்டது.

1993 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி'யை ரசிகர்கள் நோண்டி, தாங்களே வரைபடம் செய்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக் அதைப் பார்த்து எரிச்சலடையவில்லை. டூமை எழுதும்போதே எஞ்சினைத் தனியாகவும், படம், ஒலி, வரைபடம் எல்லாவற்றையும் 'வாட்' என்ற தனிக்கோப்பாகவும் பிரித்து வைத்தார். எஞ்சினைத் தொடாமல் கூண்டை மட்டும் மாற்றலாம். நிறுவனத்துக்குள்ளேயே சிலருக்கு இதில் தயக்கம் இருந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே, ரசிகர்கள் சேர்ந்து செய்து இலவசமாக வெளியிட இருந்த ஒரு வரைபடத் தொகுப்பை விலைக்கு வாங்கி, 1996-இல் 'ஃபைனல் டூம்' என்று பெட்டியில் போட்டு விற்றார்கள்.

எனக்கு டூம் தெரியாது. எங்கள் தலைமுறைக்கு கவுண்டர் ஸ்ட்ரைக்தான். மன்னார்குடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய். டியூஷன் காசில் பாதி அங்கே போயிருக்கிறது. அந்த விளையாட்டே ஒரு மாட் என்பது அப்போது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப் லைஃப்'மீது மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-இல் கட்டிய கூண்டு அது. மாட் இலவசம், ஆனால் ஓட்டுவதற்கு ஹாஃப் லைஃப் வேண்டும். ஆகவே ஹாஃப் லைஃப் விற்றுக்கொண்டே இருந்தது. வால்வ் அந்த இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டு, கவுண்டர் ஸ்ட்ரைக்கை 2000-இல் தன் பெயரில் வெளியிட்டது. (எங்கள் பிரவுசிங் சென்டரில் யாரும் எதையும் விலை கொடுத்து வாங்கவில்லை என்பது வேறு கதை.)

இப்போது கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் போனில் பி.ஜி.எம்.ஐ. ஆடுகிறார்கள். அதன் வம்சாவளி இன்னும் நீளம். செக் நாட்டின் பொஹீமியா இண்டராக்டிவ் 'ஆர்மா 2' என்ற ராணுவ விளையாட்டைச் செய்தது. டீன் ஹால் 2012-இல் அதன்மேல் 'டேஇசட்' என்ற மாட் கட்டினார். அதை ஆடுவதற்காகவே பழைய ஆர்மா 2 மீண்டும் விற்பனைப் பட்டியலின் தலைக்கு வந்தது. அந்த மாட்டின் மேல் பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர் இன்னொரு மாட் கட்டினார். நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டு, கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயித்தான் என்கிற அந்த ஆட்டம் அங்கே உருவானது. கொரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்துக்கொள்ள, 2017-இல் பப்ஜி வந்தது, அடுத்த ஆண்டு மொபைலுக்கு வந்தது. 2020 செப்டம்பரில் இந்தியா தடை செய்தது, 2021-இல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பியது. கூண்டின் மேல் கூண்டு கட்டிப் பிறந்த விளையாட்டு அது. இன்று அதற்குள்ளேயே ஆடுகிறவர்கள் தாங்களே களம் செய்துகொள்ள 'வேர்ல்ட் ஆஃப் வொண்டர்' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ ஃபயரில் அதற்கு 'கிராஃப்ட்லேண்ட்' என்று பெயர். லேப்டாப்பே வேண்டாம், போனிலேயே செய்யலாம். எங்கள் ராம்நாடு அதில் தன் ஊர்க் கண்மாயையும் கரையையும் செய்துவைத்து, அதில் ஒடிசாக்காரர்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

மாட் செய்பவர்களை நிறுவனங்கள் ஆதரிப்பதற்குச் செலவு மிச்சம் என்பது பாதிக் காரணம்தான். புது விளையாட்டு எப்படி இருக்கும் என்று நிறுவனத்துக்குத் தெரியாது என்பது மீதிப் பாதி. பெரிய முதலீடு போட்டவன் ஏற்கெனவே ஓடியதையே திரும்பச் செய்வான், அது இயல்பு. இழக்க ஒன்றுமில்லாதவன்தான் நூறு பேரைத் தீவில் இறக்கிப் பார்க்கலாமே என்று யோசிப்பான். வாசல் திறந்திருந்தால் அந்த யோசனை உன் வீட்டுக்குள் நடக்கும். மூடியிருந்தால் எதிர்வீட்டில் நடக்கும்.

எதிர்வீட்டில் நடந்த கதையும் உண்டு. பிளிஸார்டின் 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டில் வரைபடம் செய்யும் கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதில் ரசிகர்கள் செய்ததுதான் 'டோட்டா'. அது உலகம் முழுக்கப் பரவியபோது பிளிஸார்ட் அதைத் தன்னுடையதாக வளர்த்தெடுக்கவில்லை. அதில் வேலை செய்தவர்களில் ஒருவர் ரயட் நிறுவனத்துக்குப் போனார், 2009-இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' வந்தது. இன்னொருவரை வால்வ் எடுத்துக்கொண்டது, 2013-இல் 'டோட்டா 2' வந்தது. பிறகு 2020-இல் பிளிஸார்ட் பழைய வார்கிராஃப்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, இதில் நீங்கள் உருவாக்கும் எல்லாம் எங்களுக்கே சொந்தம் என்று விதிமுறையில் எழுதிவைத்தது. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் மாடு எப்போதோ போய்விட்டது. இந்த மாடு நிஜ மாடு.

புது யோசனையை ஆடுகிறவனே கொண்டுவருவான் என்றால் கம்பெனி சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டால், அதற்குப் பதில் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. 2006-இல் இங்கே நோக்கியா ஆலை ஓட ஆரம்பித்தது. உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்து நோக்கியாவை நினைத்தால் எல்லோருக்கும் பாம்பு விளையாட்டு நினைவுக்கு வரும். டானெலி அர்மாண்டோ என்ற பொறியாளர் 1997-இல் 6110 போனுக்காக எழுதியது. எனக்கு நினைவுக்கு வருவது 'கம்போசர்'. 3310-இல் எண் விசைகளைத் தட்டித் தட்டி நாமே ரிங்டோன் எழுதலாம். என் அத்தை மகன் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தான். இளையராஜா, ரஹ்மான், தேவா என்று பிரித்து, எந்தப் பாட்டுக்கு எந்த விசை என்று எழுதியிருப்பான். ஊரில் யார் 3310 வாங்கினாலும் அவனைத் தேடி வருவார்கள். ஃபின்லாந்துக்காரன் திறந்துவைத்த சின்னஞ்சிறு வாசல் வழியாக மன்னார்குடிக்குள் தேவா வந்துவிட்டார். அதுவும் ஒரு மாட் தானே?

ஆனால் வாசல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. நோக்கியாவின் பெரிய போன்களில் ஓடிய சிம்பியனுக்குச் செயலி எழுதுவது கஷ்டமான காரியம். எழுதினாலும் பல வேலைகளுக்குச் சான்றுக் கையொப்பம் வாங்கியாக வேண்டும். 2008-இல் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது, ஆண்ட்ராய்டும் வந்தது. கூண்டு கட்டுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். 2014 ஏப்ரலில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை, அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. மூடலுக்கு வரி வழக்கு உடனடிக் காரணம். ஆனால் உலகம் நோக்கியாவை வாங்கிக்கொண்டிருந்திருந்தால் அந்த வழக்குக்கு வேறு முடிவு தேடியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பின்னால் அந்த இடத்தை சால்காம்ப் வாங்கி, சார்ஜர் செய்கிறது. அது எந்த போனுக்கும் பொருந்தும்.

ஆக, சேசிஸ்காரன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கூண்டுக்காரன் எவ்வளவு திறமைசாலியானாலும் எஞ்சினை மாற்ற முடியாது. 2020 ஏப்ரலில் நாடு பி.எஸ். 4-லிருந்து நேராக பி.எஸ். 6-க்குத் தாவியபோது கரூர்ப் பட்டறைகள் எஞ்சின் செய்யவில்லை. சேசிஸ் கம்பெனிகள் செய்தன. புது எஞ்சின் வராமல் பழையதன் மேலேயே அழகழகாகக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தால் வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கிடைத்திருக்காது. விளையாட்டிலும் அப்படித்தான். மழை பெய்தால் சாலை வழுக்குகிற மாதிரி தெரிய வேண்டும், குறைந்த விலை போனிலும் சூடாகாமல் ஓட வேண்டும், பல பேர் ஒரே சாலையில் ஓட்ட வேண்டும். இவற்றை மாட் செய்கிறவன் செய்ய முடியாது. அவன் பேருந்தை மட்டும்தான் மாற்றுகிறான், சாலை கம்பெனியுடையது.

கேரளத்துப் பையன்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு படி மேல். அங்கே டூரிஸ்ட் பஸ்கள் சினிமா நட்சத்திரம் மாதிரி. கொம்பன் என்றால் பேருந்துப் பிரியர் எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டிகளின் மாட்கள் பஸ்ஸிட்டில் பெரிய வெற்றி. 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் ஒரு டூரிஸ்ட் பஸ் அரசுப் பேருந்தில் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதையடுத்து டூரிஸ்ட் பஸ்கள் எல்லாம் வெள்ளை நிறத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்ற விதியைக் கேரள அரசு கண்டிப்பாக அமல்படுத்தியது. செத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சாலையில் அழிந்துபோன அத்தனை ஓவியங்களும் இன்று ஓர் இந்தோனேசிய கேமுக்குள் மட்டும் ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது கூலி வாங்காத பையன்கள்.

கூலி. இதைப் பேசாமல் முடியாது.

போன வருஷம் கரூரின் கம்பெனியில் கைசன் மாதம் கொண்டாடினார்கள். இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் கைசனை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தொழிலாளி தன் வேலையை இன்னும் எளிதாக்க யோசனை சொல்லி ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். கரூர் ஒரு யோசனை எழுதினான். பிரஸ்ஸிலிருந்து விழும் பீஸை எடுக்கும் தட்டைக் கொஞ்சம் சாய்த்து, கைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பீஸுக்கு இரண்டரை நொடி மிச்சம். குனிய வேண்டாம், முதுகு வலிக்காது என்பதுதான் அவன் நோக்கம். மேனேஜர் கை குலுக்கினார். நோட்டீஸ் போர்டில் போட்டோ போட்டார்கள். மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று பரிசு. அடுத்த மாதம் மணிக்கு 180 ஆக இருந்த டார்கெட் 205 ஆனது.

அந்த டிபன் கேரியரில்தான் இப்போது எங்கள் அறைக்கு மெஸ் சாப்பாடு வருகிறது.

மாட் செய்கிறவனுக்கு டிபன் கேரியர்கூடக் கிடையாது. கேம் நிறுவனங்கள் இதை யோசிக்காமல் இல்லை. 2015 ஏப்ரலில் வால்வும் பெதஸ்டாவும் 'ஸ்கைரிம்' மாட்களுக்கு விலை வைத்து விற்கலாம் என்றார்கள். விற்கிற விலையில் செய்தவனுக்கு 25 சதவீதம். எதிர்த்தவர்கள் முதலில் ஆடுகிறவர்கள்தான், இத்தனை நாள் இலவசமாக வந்ததற்கு ஏன் காசு என்று. ஒரு வாரம்கூடத் தாங்காமல் திரும்பப் பெற்றார்கள். 2006-இல் தொடங்கிய ரோப்லாக்ஸில் எல்லா விளையாட்டுமே ஆடுகிறவர்கள் செய்தவை. அதில் சம்பாதித்ததைப் பணமாக மாற்ற வேண்டுமென்றால் குறைந்தது 30,000 ரோபக்ஸ் சேர்த்திருக்க வேண்டும். அந்த எண்ணைத் தொடாமலே நின்றுபோகிற சிறுவர்கள் ஏராளம். ஃபோர்ட்நைட் 2023 மார்ச்சில் தன் நிகர வருவாயில் 40 சதவீதத்தைக் களம் செய்கிறவர்களுக்குப் பங்கிடுவதாக அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பங்கில் அந்தக் கம்பெனி தானே செய்த களங்களுக்கும் ஒரு பகுதி போகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் எண்ணம் இது: காசு கொடுப்பது கஷ்டம் என்றால், குறைந்தபட்சம் பெயரைக் கொடுக்கலாம். கரூரில் கட்டிய பேருந்தில், முன்னாலோ பின்னாலோ, கட்டியவரின் பெயர் இருக்கும். சேசிஸ் கம்பெனியின் சின்னமும் இருக்கும், ஒன்றையொன்று மறைக்காது. மாட்டுக்கு அப்படி அழிக்க முடியாத பலகை கிடையாது. கரூர் செய்த மொஃபசல் பேருந்து ஒன்றை, 2023-இல் அரசு வண்டிகள் மஞ்சளுக்கு மாறியபோது இவன் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்துப் புது லிவரி போட்டதை, ஒருவன் முன்கண்ணாடியில் இருந்த பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரில் யூடியூபில் போட்டான். இவனுடையதை இறக்கியவர்கள் சில நூறு. அவனுடையதை ஆயிரக்கணக்கில். பாஸ்வேர்டு போட்டு, நடுவில் விளம்பரம் வைத்து, அதில் காசு வேறு பார்த்தான்.

எனக்குத்தான் கோபம் வந்தது. "ரிப்போர்ட் அடிடா, கம்பெனிக்கு மெயில் போடு" என்றேன். கரூர் அந்த மாட்டையே இறக்கி, போனில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் சீட்டுக்கு மேலே, 'புகை பிடிக்காதீர்' பலகைக்குப் பக்கத்தில் விரல் வைத்துப் பெரிதாக்கினான். கட்டெறும்பு அளவுக்கு இரண்டு எழுத்து. அவன் அப்பாவின் இனிஷியலாம்.

"இதை அவன் கவனிக்கலைங்ண்ணா. அப்படியே விட்டுட்டான்."

"அப்ப சரின்னு விட்டுடப் போறியா?"

"விடலை. அடுத்த வண்டியில சேசிஸ்லயே எழுதிருவேன். அதைக் கழட்டினா வண்டியே ஓடாது."

முடியுமா என்று கேட்டேன். இந்த கேமில் அதற்கெல்லாம் இன்னும் வழி இல்லை என்றான். அடுத்த அப்டேட்டில் கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் என்ன செய்வாய் என்றதற்கு, கணினியில் ஓடுகிற ஐரோப்பிய லாரி விளையாட்டு ஒன்றின் பெயரைச் சொன்னான். அதில் மாட் செய்ய வேறு கருவி வேண்டும், இந்த லேப்டாப் தாங்காது. புதுசு வாங்கத் தீபாவளி போனஸ் வர வேண்டும், காண்ட்ராக்ட்டுக்கு அது எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை. மணி மூன்றரை. ஏ ஷிஃப்டுக்குப் போகும் திருவண்ணாமலை எழுந்து விளக்கைப் போட்டான். கரூர் லேப்டாப்பை மூடிவிட்டு, அவன் பாயில் போய்ப் படுத்துக்கொண்டான்.